ஒரு மணி பதினேழாவது நிமிடத்தில் வந்த அலறல்

என் தம்பிக்கு வேலை செய்கிற இறைச்சிக் கூடத்தில் 'ஒரே வெட்டு' என்று பெயர். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் 'ஒப்பாரி' என்று பெயர். கீழ்வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போய் ஒருவனுடைய கையை முறித்தவன் என்ற பேச்சும் இப்போது சேர்ந்திருக்கிறது. கதவை உடைத்தது உண்மை. கையை முறித்ததும் உண்மை. அந்த வீட்டுப் பெண்ணின் தாடையையும் அவன்தான் உடைத்தான் என்று இரண்டு நாள் தெருவே பேசியது. அது பொய். அந்தப் பொய்க்காக அவன் உள்ளே போகவிருந்தான்.

அவன் சண்டைக்காரன்தான். மறைக்க மாட்டேன். பத்தொன்பது வயதில், தன்னை நாயே என்று கூப்பிட்ட மேஸ்திரியின் முன்பல் இரண்டைத் தட்டிவிட்டு மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தான். பிறகு இறைச்சிக் கூடத்தில் சேர்ந்தான். விடியற்காலை நான்கு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் மதியம் வரை மாடுகளின் கழுத்தை அறுப்பது அவன் வேலை. இரண்டாவது வெட்டு போட்டதில்லை. மாட்டைத் துடிக்கவிடுவது பாவம் என்பான். ரப்பர் பூட்ஸைக் கழற்றினால் கணுக்கால் வரை சிவந்திருக்கும். நான் மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம். எத்தனையோ ரத்தக்கறையைப் போக்கியிருக்கிறேன், அவன் உடுப்பில் படிகிற கறைக்கு மட்டும் மூன்று தண்ணீர் வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு மேல்மாடியைக் காலி செய்துகொண்டு போனவர்கள் ஓர் அட்டைப்பெட்டியைப் படிக்கட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே நாற்பத்தொரு வீடியோ தட்டுகள். சினிமா என்று நினைத்துத் தம்பி தூக்கிக்கொண்டு வந்தான். பெரும்பாலும் வசனமே இல்லாத வெளிநாட்டுப் பாட்டு நாடகங்கள். ஒன்றைப் போட்டுப் பாதிக்கு மேல் தள்ளி ஓட்டினால், கலங்கரை விளக்கம் ஒன்றில் ஒரு தடித்த மனிதர் வாயைத் திறந்து பாடுகிறார், பாடுகிறார், நிறுத்தவே இல்லை.

"என்னக்கா இது, எழவு வீடா?" என்றான்.

"எடுத்துடு. வேற போடு."

எடுக்கக் கை நீட்டினான். அந்த நேரம் பார்த்து ஒருவன் பின்னாலிருந்து வந்து தடித்தவரின் நெஞ்சில் கத்தியை இறக்கினான். தம்பி நீட்டிய கையை எடுத்துக்கொண்டான். குத்துப்பட்டவர் விழுந்தார், எழுந்தார், மறுபடியும் பாடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் பாடிவிட்டுத்தான் செத்தார். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அங்க நெஞ்செலும்பு இருக்குக்கா. அந்தக் கத்தி அங்க இறங்காது. இறங்கினாலும் பாட முடியாது. கொப்புளிக்கத்தான் முடியும்."

சிரிக்கத்தான் மறுநாளும் போட்டான். ஒரு மாதம் கழித்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டான். ஏன்டா என்று கேட்டேன். நகத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

"நான் அறுக்கறது ஒண்ணும் பாடறதில்ல. ஒரு சத்தம், அதோட சரி. இங்க சாகறவனுக்குச் சொல்லி முடிக்க நேரம் கொடுக்கறாங்க."

அன்றிலிருந்து நான் ஒரு நோட்டு போட்டேன். சலவைக் கூடத்தில் ஒவ்வொரு போர்வைக்கும் எண் போட்டுப் பழகிய கை, சும்மா இருக்காது. தட்டின் எண், போட்ட தேதி, ஆரம்பித்த மணி, யார் செத்தார், யார் கொன்றார், எதனால், எத்தனையாவது நிமிடத்தில் குத்து, எத்தனையாவது நிமிடத்தில் உயிர் போனது. நாற்பத்தொரு தட்டுகளில் ஐம்பத்தெட்டுச் சாவு. கத்தி முப்பத்தொன்று, விஷம் பன்னிரண்டு, மிச்சம் நெருப்பு, கயிறு, மனமுடைந்து போவது. ஆடிப்பாடிச் சிரிக்க வைக்கும் நாடகங்கள் ஐந்து, வெறும் வாத்தியக் கச்சேரிகள் நான்கு. அவற்றுக்கு நேரே 'சாவு இல்லை' என்று எழுதினேன். கச்சேரியையும் தம்பி விடமாட்டான். "குச்சி வெச்சிருக்கவர் எண்பது பேரை மிரட்டறார் பாருக்கா. ஒருத்தனாவது திருப்பி அடிக்கிறானா?" என்பான்.

சத்தத்தை முழுசாக வைப்பான். அந்த அலறல்கள் சுவரைத் தாண்டும். மேல்வீட்டுக்குக் குடிவந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தடியால் தரையைத் தட்டுவார். 'இவனும் ஒரு தாளக்காரன்' என்று தம்பி விட்டுவிடுவான்.

எங்களுக்குப் பெரிய குறை, கதை புரியாது. பெட்டிக்குள் இருந்த கதைப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. எட்டாவதோடு நின்றவள் நான், தம்பி அதுவும் இல்லை. நாங்களே ஊகித்துக்கொள்வோம். அந்தத் தடித்த விளக்குக் காவல்காரரின் மனைவிதான் கப்பல்காரனை ஏவிவிட்டுப் புருஷனைக் கொன்றாள் என்று இரண்டு வருடம் அவளைத் திட்டித் தீர்த்தோம்.

கீழ்வீட்டுக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவனும் அவன் மனைவியும் வந்தார்கள். அவள் மருந்துக் கடையில் வேலை. மாத்திரை அட்டைகளில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் சரளமாகப் படிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ யாரையும் ஏவலண்ணே. புருஷனைக் காப்பாத்தத்தான் கடுதாசி எழுதறா. கடைசியில இவளையும் குத்திடறாங்க."

தம்பிக்கு முகம் தொங்கிப்போனது. "ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணை என்னென்ன பேசியிருப்பேன்" என்றான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்தாள். அவள் படிக்க, நாங்கள் பார்க்க, கத்தி வரும்போதெல்லாம் தம்பி நெஞ்செலும்பு கதை சொல்ல. அவள் மணிக்கட்டில் ஒரு தடவை பச்சையாகக் கன்றியிருந்தது. மருந்துப் பெட்டி விழுந்ததாகச் சொன்னாள். பெட்டி விழுந்தால் நான்கு விரல் அளவில் கன்றுமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு அவள் புருஷன் வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"கசாப்புக் கடையில கச்சேரியா? டிக்கெட் எவ்வளவு?"

"உள்ள வந்து உக்காருங்க தம்பி. இனாம்தான்" என்றேன்.

"எங்க வீட்டுப் பாட்டை நாங்களே பாடிக்கறோம்" என்றான். அவள் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதோடு வருவது நின்றது.

நான் சொல்ல வந்த ஞாயிறு, அதற்கு நான்கு மாதம் கழித்து. கலங்கரை விளக்கத் தட்டையே போட்டோம். ஆரம்பித்த மணி மூன்றேகால் என்று நோட்டில் இருக்கிறது. தட்டு ஓடத் தொடங்கி ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம் முதல் எட்டு நிமிடத்துக்கு யாரும் பாடமாட்டார்கள். அந்த மனைவி மேசையில் கடிதம் எழுதிக்கொண்டிருப்பாள், வயலின்கள் மட்டும் வாசிக்கும். அவளைக் குத்துவது மூன்றாவது அங்கம், இரண்டு மணி நான்காவது நிமிடம். அப்போதுதான் அலறுவாள்.

கடிதம் பாதியில் இருக்கும்போது அலறல் கேட்டது.

தம்பி நிமிர்ந்தான். திரையில் அவள் வாய் மூடியிருந்தது. தட்டு ஓட்டும் பெட்டியில் நேரத்தைப் பார்த்தேன். ஒரு மணி பதினேழு.

"அக்கா, இது அவ இல்ல" என்றான்.

ரிமோட்டில் நிறுத்தினான். வயலின் நின்றது. கீழேயும் நின்றது. ஈ பறந்தால் கேட்கும். மறுபடியும் ஓடவிட்டான். வயலின் எழுந்ததும் கீழே பொத்தென்று ஒரு சத்தம், உடனே அவள் குரல். எங்கள் சத்தத்துக்குக் காத்திருந்து அடிக்கிறான்.

தம்பி ரிமோட்டை என் கையில் திணித்தான். "குறைக்காதே. நான் வர்றது அவனுக்குத் தெரியக் கூடாது."

செருப்புக்கூடப் போடாமல் இறங்கினான். அவனுடைய கத்திப்பை ஆணியில் தொங்கியது. நான்கு கத்திகள், நான்கும் இருந்தன. அவன் போனதும் முதலில் அதைத்தான் எண்ணினேன். ரிமோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

கதவுத் தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்து கிடந்தது. அவள் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே செருகியதுபோல் கிடந்தாள். தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. பல் ஒன்று ரத்தத்தோடு ரவிக்கையில் ஒட்டியிருந்தது. புருஷன் கையில் முழங்கை நீள ஸ்பேனர். தம்பி அந்தக் கையைப் பிடிப்பதற்குள் ஸ்பேனர் தம்பியின் இடது காதோடு இறங்கியது. ஈரத்துணியைக் கல்லில் அடித்ததுபோல் ஒரு சத்தம். தம்பி ஒரு காலில் மண்டியிட்டான். காதிலிருந்து ரத்தம் கழுத்தில் ஓடியது. ஸ்பேனர் இரண்டாவது தடவை உயர்ந்தது. தம்பி உட்கார்ந்தபடியே அந்தக் கையைப் பிடித்தான், ஒரு திருகு. எந்த மூட்டு எங்கே விலகும் என்று அவனுக்குத் தெரியும். விறகு முறிந்ததுபோல் கேட்டது, முழங்கை எதிர்ப்பக்கம் மடங்கிவிட்டது.

லிஃப்ட்காரன் கீழே விழுந்தான். தம்பி எழுந்து அவன் கழுத்தில் வெறுங்காலை வைத்தான். மேலே கப்பல்காரன் பாட ஆரம்பித்துவிட்டான். தம்பியின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. இறைச்சிக் கூடத்தில் அவன் முகம் அப்படித்தான் இருக்குமோ என்னவோ.

"போதும்டா. எடு" என்றேன்.

எடுக்கவில்லை.

"டேய். அவளைத் தூக்கணும். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

காலை எடுத்தான்.

போலீஸ் சீக்கிரமே வந்தது. மேல்வீட்டு வாத்தியார் எங்கள் சத்தம் பொறுக்காமல் போன் செய்திருந்தார். வந்தவர்கள் பார்த்தது உடைந்த கதவு, ரத்தத்தில் நிற்கும் இறைச்சிக் கூடத்து ஆள், பழைய சிறைக் கணக்கு. "இந்தக் கசாப்புக்காரன் உள்ள பூந்து எங்க ரெண்டு பேரையும் அடிச்சான் சார்" என்று லிஃப்ட்காரன் அழுதான். அவள் நினைவில்லாமல் கிடந்தாள். வாத்தியாரைக் கேட்டார்கள். "அலறல் கேட்டது சார். ஆனா அந்த வீட்ல எப்பவும் அலறல்தான். டிவின்னு நினைச்சேன். அப்புறம் கதவு உடையற சத்தம்" என்றார். கட்டடத்தில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாள் காதுக்கு ஒரு பஞ்சுதான் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் நோட்டோடு போய் நின்றேன். இன்ஸ்பெக்டர் பத்துப் பக்கம் புரட்டினார்.

"என்னம்மா இது, கொலைப் பட்டியலா?"

"நாடகத்துல நடந்த கொலை சார். வாத்தியார் போன் பண்ணினது எத்தனை மணிக்குன்னு பாருங்க."

அவர்களுடைய பதிவேட்டில் நான்கு முப்பத்துமூன்று என்றிருந்தது, 'இப்போது ஒரு பெண் அலறும் சத்தம்' என்று குறிப்போடு.

"நான் தட்டு போட்டது மூணேகால். ஒரு மணி பதினேழு நிமிஷம் கூட்டுங்க. நாலு முப்பத்திரண்டு. அந்த நேரத்துல எங்க டிவியில அலறல் கிடையாது சார். வயலின்தான். வந்து பாருங்க."

நம்பவில்லை. ஆனாலும் வந்தார். வாத்தியாரையும் இறக்கி உட்கார வைத்தார். ஒரு மணி பத்தாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டேன். அந்தப் பெண் கடிதம் எழுதினாள். வயலின் வாசித்தது. எட்டு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு இரண்டு மணி நான்குக்குத் தாவினேன். அலறினாள்.

"நீங்க கேட்டது இதா சார்?" என்று வாத்தியாரிடம் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வாத்தியார் தடியைக் கீழே வைத்தார். "இல்ல. அது வேற. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம் தம்பி வந்தான். மறுநாள் அவளுக்கு நினைவு திரும்பியது. தாடையில் கம்பி போட்டிருந்ததால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். போலீசுக்கு வேண்டியதை எழுதிய பிறகு அடியில் எனக்காக ஒரு வரி: 'நீங்க டிவி போட்டாத்தான் அவர் கதவைச் சாத்திட்டு அடிப்பார் அக்கா. உங்ககிட்ட சொன்னா டிவி போடறதை விட்டுடுவீங்க, எனக்கும் அந்தப் பாட்டு கேக்காம போயிடும்னு சொல்லல.' அந்தத் தாளின் நகலை நோட்டில் ஒட்டியிருக்கிறேன். நான்கு மாதத்தில் பதினாறு ஞாயிறு. அதையும் எண்ணி எழுதினேன்.

லிஃப்ட்காரன் இப்போது உள்ளே இருக்கிறான். தம்பிக்கு இடது காது முழுதாகப் போய்விட்டது. இரண்டு ஒலிபெருக்கிகளையும் நாற்காலிக்கு வலது பக்கம் நகர்த்திவிட்டான். சத்தத்தைப் பாதிக்கு மேல் வைப்பதில்லை. ஏன்டா, ஒரு காதுக்குக் கூட்டித்தானே வைக்கணும் என்றேன். "கீழ என்ன நடக்குதுன்னும் கேக்கணும்ல" என்றான். கீழே இப்போது ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். அவர் இருமுவதுதான் கேட்கும்.

போன ஞாயிறு அவள் வந்தாள். மருந்துக் கடை பக்கத்திலேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். தாடையில் கம்பி இன்னும் எடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச வருகிறது. எந்தத் தட்டு போடலாம் என்று தம்பி தயங்கினான். அவளே கலங்கரை விளக்கத்தை எடுத்து நீட்டினாள். கடிதம் எழுதுகிற இடத்தில் தம்பி சத்தத்தை இன்னும் குறைத்தான். மூன்றாவது அங்கத்தில் காவல்காரரின் நெஞ்சில் கத்தி இறங்கியது. தம்பியின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள், கம்பிக்கு நடுவே ஏதோ முனகினாள்.

"என்ன சொல்றா?" என்று தம்பி என்னைக் கேட்டான்.

நான் வலது காதருகே குனிந்து சொன்னேன்: "அங்க நெஞ்செலும்பு இருக்காம். இறங்காதாம்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். எழுந்து, நாற்காலியைத் தூக்கி அவளுடைய மறுபக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"இப்ப சொல்லும்மா" என்றான்.