பிசிறு விட்ட தையல்

கைபேசிக்கு வீட்டில் ஒரு சட்டம் எழுதச் சொல்லிக் காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் மனைவி. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மீறினால் என்ன. எதிரே மகள், பேரம் பேச வந்தவளைப் போலச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பேனா ஓடவில்லை. எழுதத் தெரிந்தவன் நான். சட்டம் போடத் தெரிந்தவள் என் அம்மா. அவள் அதைக் காகிதத்தில் போடவில்லை, துணியில் போட்டாள்.

நல்லூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குக் கேபிள் வந்த வருஷம். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அப்பா சாயப்பட்டறைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். மேஜையில் வந்து விழும் ஒவ்வொரு பனியனையும் விரித்து, புரட்டி, கடுகளவு எண்ணெய்க் கறையையும் ஒரேயொரு கண்ணி விட்டுப்போன இடத்தையும் கண்டுபிடித்து, அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். நாள் முழுக்க அதே வேலை. அந்தக் கண்களை வைத்துக்கொண்டுதான் எங்களையும் வளர்த்தாள், தப்புவது எப்படி?

பள்ளி விட்டு நாலரைக்கு வருவோம். அவள் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு எட்டரைக்கு வருவாள். இடையில் வீடும் எங்களுடையது, டிவியும் எங்களுடையது. ஒரு வாரம் ஆண்டோம். ஞாயிற்றுக்கிழமை அம்மா மஞ்சள் பனியன் துணியில் டிவிக்கு ஒரு பை தைத்து மாட்டி, பின்புறம் அதன் வாயை ஊசியால் ஏழே தையலில் மூடினாள்.

"கம்பெனிக்குச் சங்கு இருக்குதல்ல கண்ணு, இனிமே நம்ம ஊட்டுக்கும் அதேதான்."

ஐந்தரைக்குச் சங்கு ஊதினால் முழு ஷிப்ட் முடியும். ஆறுக்கு மறுபடி ஊதினால் அரை ஷிப்ட் தொடங்கும். நடுவில் அரை மணி. மற்றவர்கள் கம்பெனி வாசலில் டீயும் போண்டாவுமாக உட்காரும் அந்த அரை மணியில் அம்மா வீட்டுக்கு ஓடிவருவாள். தையலைப் பிரிப்பாள், டிவியைப் போடுவாள், தன் பங்குப் போண்டாவைப் பிட்டு எங்களுக்குத் தருவாள். பிறகு டிவிக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அணைத்து, தைத்துவிட்டு, மறுபடி ஓட்டம். சங்குக்கும் அவள் காலுக்கும் ஒரு நாளும் பிசகியதில்லை.

வினை ஒரு பேய்த் தொடரில் வந்தது. வியாழக்கிழமை நாலரை மணிக்குப் பழைய பங்களா ஒன்றில் வெள்ளைச் சேலை நடமாடும். வகுப்பே அதைப் பற்றித்தான் பேசியது. பார்க்காதவனுக்குக் கடைசி பெஞ்சில் இடமில்லை. நான் பார்க்காதவன். அன்றைக்குக் கடைசிப் பகுதி. அக்காவின் பின்னால் அழுதுகொண்டே அலைந்தேன்.

அவள் ஊசியை எடுத்தாள். ஏழு தையலையும் நூல் அறாமல் உருவினாள். பேய் பிடிபட்டதும், அதே நூலை அதே ஓட்டைகளில் கோத்து மூடினாள். "பாத்துக்கோ, அம்மா கண்ணுக்கே தெரியாது" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை. தையல் முடிந்த இடத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பிசிறு வெட்ட வந்துவிடும். கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் குட்டிக் கத்தரியால் வெட்டி வெட்டிப் பழகிய கை. நூல் தொங்கினால் விரல் அரிக்கும். ஒட்ட வெட்டினேன். எவ்வளவு நறுவிசாக இருந்தது!

சங்கு ஊதியது. அம்மா வந்தாள். டிவியின் பின்னால் போன கை நின்றது.

"ஏன் கண்ணு, இங்கிருந்த பிசிறு எங்க?"

"எந்தப் பிசிறுங்கம்மா?" என்றாள் அக்கா.

"நான் வேணும்னே உட்ட பிசிறு."

அக்கா என் பக்கம் திரும்பிவிட்டாள். "உன்ற கத்திரிக் கைய வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டியாடா!"

அதற்குப் பிறகு விசாரணைக்கு என்ன இருக்கிறது? அம்மா அடிக்கவில்லை. சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த அம்புக்குறி ஒன்றை எடுத்து, நூல் இல்லாத இடத்தில் ஒட்டினாள். போண்டாவைத் தந்தாள்.

"இனி நான் தெக்கல. அவுந்தே கெடக்கட்டும். பெரியவங்களாயிட்டீங்க, நீங்களே பாத்துக்குங்க."

மறுநாள் எங்கள் ராஜ்யம். நாலரைக்கே டிவி அலறியது. ஐந்தரைக்குச் சங்கு ஊதியபோது இரண்டு தலைகளும் வாசலுக்குத் திரும்பின. யாரும் வரவில்லை. "இன்னிக்குப் போண்டா இல்ல" என்றாள் அக்கா, எனக்குத் தெரியாததைப் போல. நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஆறு மணிச் சங்கும் ஊதியது. அன்று திரையில் என்ன ஓடியது என்று இன்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. திறந்து கிடந்த கதவு ஞாபகமிருக்கிறது.

சனிக்கிழமையும் சங்கு ஊதியது, வாசல் வெறுமையாக இருந்தது. அக்கா சட்டென்று எழுந்து டிவியை அணைத்தாள். பையை இழுத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

"என்னக்கா பண்றே? படம் பாதியில நிக்குது!"

"வாய மூடுடா."

ஏழு தையல். கடைசியில் ஒரு சாண் பிசிறு. என் கை கத்தரிக்குப் போனது. பளாரென்று ஒரு அடி விழுந்தது.

எட்டரைக்கு வந்த அம்மா செருப்பைக் கழற்றியதும், பை மூடியிருந்ததைப் பார்த்து டிவியின் பின்னால் போனாள். தொங்கிய நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஆரு தெச்சது?"

"நாந்தானுங்கம்மா."

"கோணலா இருக்குது. எங்க கம்பெனியில இத டேமேஜ்ல போட்டிருவாங்க."

சொல்லிவிட்டு, அம்புக்குறியை உரித்து என் மூக்கில் ஒட்டினாள்.

திங்கட்கிழமை சங்கின் இழுப்பு அடங்குவதற்குள் மூச்சிரைக்க வாசலில் நின்றாள். காகிதத்தில் போண்டா சூடாக இருந்தது. தையலைப் பிரித்து, டிவியைப் போட்டு, பழையபடி சுவரில் சாய்ந்து எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். போண்டா மும்முரத்தில் நான் ஒரு காட்சியைத் தவறவிட்டேன். "அந்தப் பொண்ணு ஏனுங்கம்மா அழுகுது?" என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணு? எனக்கென்ன கண்ணு தெரியும்" என்று சிரித்தாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் இந்த ஓட்டம் ஓடிவந்து, டிவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தும், ஒரு கதைகூடத் தெரியாமல் போகிறாளே. பேசாமல் கம்பெனி வாசலில் உட்கார்ந்து ஒரு டீயாவது குடித்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு, அக்காவின் கையில் இருக்கும் பாதி பெரிதா, என் கையில் இருப்பதா என்று அளந்து பார்த்தேன்.