கும்மிடிப்பூண்டிக்குக் கறி தின்னப் போனேன்

எழுபத்து நாலாம் வருடம், தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி சுமாருக்குக் கொருக்குப்பேட்டையில் கூடூர் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் ஒரு ரூபாய் பத்து காசு. தூரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இந்தப் பக்கம் வருகிறவர்கள் பொன்னேரி சிவன் கோயிலுக்குப் போவார்கள், பழவேற்காட்டில் படகு ஏறப் போவார்கள். நான் போனது கம்பியில் குத்திக் கரி நெருப்பில் சுட்ட ஆட்டுக்கறி தின்ன. வேறு காரியம் எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் அண்ணன் தேவராஜ். கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்பேட்டையில் அவன் ஃபிட்டர். சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஆந்திராவுக்குப் போகும் ஜி.என்.டி. ரோட்டில் முனிரத்தினம் என்பவரின் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு பிடி பிடித்துவிட்டு, எனக்கும் அம்மாவுக்கும் தையல் இலையில் ஒரு பொட்டலம் வாங்கி வருவான். அது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, கறி செருப்புத் தோல் பதத்துக்கு வந்திருக்கும். இதற்கா இத்தனை பெருமை என்று ஒருநாள் கேட்டேன். சூட்டோடு தின்றவர்கள்தான் அதைப் பற்றிப் பேசலாம் என்றான். அப்படியானால் என்னைக் கூட்டிப் போ என்றேன். பெண்கள் அங்கே உட்காருவதில்லை என்றான்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டர். நாள் முழுக்க ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கிறவள். ஒரு துண்டுக் கறியைப் பற்றிப் பேச எனக்கு மட்டும் அருகதை இல்லை என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? கம்பியிலிருந்து சூடாகத் தின்னாமல் திரும்பமாட்டேன் என்று அம்மா எதிரிலேயே சொல்லிவிட்டேன். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வரவில்லை. "போய்ட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

ரயிலில் எனக்கு எதிரில் ஒரு மீன்காரம்மா காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் பட்டணத்தில் இறால் விற்றுவிட்டுப் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டு பஸ் பிடிக்கப் போகிறவள். எங்கே போகிறேன், யாருக்கு உடம்பு சரியில்லை, கல்யாணமா, சாவா என்று வரிசையாக விசாரித்தாள். கறி தின்னப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். "துன்றதுக்காம்மா ரயிலு ஏறிக்கினு போறே?" என்று கூடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, போனால் போகிறது, நன்றாகத் தின்னு என்று வாழ்த்தினாள். எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை. நெல் அறுத்த வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென்று புதிய கூரைத் தகடுகளும் புகைக்குழாய்களும் தெரிய ஆரம்பித்தால் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது என்று பொருள்.

மூன்றரை மணிக்கு இறங்கினேன். அண்ணன் நிலையத்தில் நின்றிருந்தான், முகத்தில் ஈயாடவில்லை. கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. வழியெல்லாம் எனக்கு உபதேசம். பொட்டலம் வாங்கிப் புளியமரத்தடியில் நிற்கும் ஏதாவது லாரியின் ஓரம் நின்று தின்றுவிடலாம், அதுவும் சூடுதானே என்றான். நான் தலையாட்டவில்லை. சரி, ஒருவேளை உள்ளே விட்டுவிட்டால் ஒன்றை மறக்காதே என்றான்: துண்டை வாயில் போடும் முன் பெஞ்சில் இருக்கும் உப்புக் கிண்ணத்தில் ஒரு தொடு தொட வேண்டும். முனிரத்தினம் பட்டாளத்தில் சமையல் செய்தவர், வடக்கே எல்லாரும் அப்படித்தான் தின்பார்களாம், தொடாவிட்டால் விவரம் கெட்ட ஜென்மம் என்று சிரிப்பார்களாம்.

கடை என்பது நாலு கம்பத்தின் மேல் ஒரு தகரக் கூரை. முன்னால் இருபது லாரியாவது நின்றிருக்கும், பாதி ஆந்திரா நம்பர். நடுவில் ஒரு தார் பீப்பாயை நெடுக்காக அறுத்துக் கிடத்தி, அதில் சவுக்குக் கரி நெருப்பு. அதன் மேல் வரிசையாகக் கம்பிகள், கம்பிக்கு நாலு துண்டு, விலை அறுபது காசு. ஆர்.கே.பேட்டைப் பக்கத்துச் செம்மறிக் குட்டியின் இளங்கறி, தயிரிலும் மிளகிலும் பச்சைப் பப்பாளியிலும் காலையிலிருந்து ஊறியது. கொழுப்பு சொட்டி நெருப்பு சீறும்போதெல்லாம் எழுகிற வாசனை ரோட்டின் அந்தப் பக்கம் வரை வந்து ஆளை இழுக்கிறது. நெருப்பைச் சுற்றிப் போட்ட பெஞ்சுகளில் டிரைவர்களும் தொழிலாளர்களும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கத் தட்டியில் ஒரு சின்ன ஜன்னல். பெண்களுக்குப் பொட்டலம் அந்த ஜன்னல் வழியாகத்தான்.

நான் நேரே நெருப்புக்கு முன்னால் போய் நின்றேன். பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. முனிரத்தினம் ஐம்பது வயதுக்காரர், நரைத்த மீசை, கையில் விசிறி. எல்லாரும் அவரை நைனா என்கிறார்கள். மரியாதையாகத்தான் பேசினார். பின்பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல துண்டாகப் பார்த்துக் கட்டச் சொல்கிறேன் என்றார். அப்படியானால் கம்பியோடு வெளியே கொடுங்கள், அங்கேயே நின்று தின்றுவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன். கம்பி மட்டும் கடையைத் தாண்டாது, தாண்டினவை எல்லாம் விஜயவாடாவரை போய்விட்டன என்றார். பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். கம்பி வெளியே வராது என்றால் நான்தான் உள்ளே வரவேண்டும் என்றேன். அண்ணன் எனக்குப் பின்னால் ஒரு கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

அப்போது பின்னாலிருந்து ஊறவைத்த கறி நிறைந்த அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மாள் வந்தார். முனிரத்தினத்தின் மனைவி நாகம்மா. மசாலா அரைப்பது, கறி ஊறவைப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் அவர் வேலை. முனிரத்தினம் அவரைக் காட்டித் தன் வாதத்தை முடித்துவிடப் பார்த்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு. இவ எம் பொஞ்சாதி. கடை வச்சு எட்டு வருசமாவுது, இவளே இங்க ஒக்காந்து துன்னதில்ல. கேட்டுப் பாரு."

நான் கேட்டேன். அவர் நினைத்ததை அல்ல. கம்பியிலிருந்து எடுத்துச் சூட்டோடு ஒரு துண்டாவது தின்றிருக்கிறீர்களா அக்கா என்று கேட்டேன். நாகம்மா அண்டாவைக் கீழே வைத்தார். கடை கட்டின பிறகு மிஞ்சினதைச் சோற்றோடு போட்டுக்கொள்வேன், அதற்குள் ஆறிப்போயிருக்கும் என்றார். நெருப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சட்டென்று அம்மாவின் ஞாபகம் வந்தது. வாங்கக்கா, இரண்டு பேருமாக உட்காரலாம் என்றேன். அவர் புருஷனைப் பார்க்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நடு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரரின் மனைவியை யார் எழுந்திருக்கச் சொல்வது? நெல்லூர் டிரைவர் ஒருவர் தன் தோள்துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். முனிரத்தினம் விசிறியைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, நன்றாகச் சிவந்த கம்பிகளாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, எங்கள் இருவர் கையிலும் கொடுத்தார்.

நான் அண்ணன் சொன்னபடி உப்பைத் தொட்டு வாயில் போட்டேன். ஓரம் மொறுமொறுவென்று கருகி, உள்ளே பல்லுக்கு வேலையே இல்லாமல் கரைந்தது. மிளகின் காரம், கொழுப்பின் இனிப்பு, சவுக்குப் புகை. அண்ணன் சொன்னது அத்தனையும் நிஜம், அவனிடம் அதைச் சொல்வதற்குத்தான் மனம் வரவில்லை. பக்கத்தில் நாகம்மா மெதுவாக மென்றுகொண்டிருந்தார். பெஞ்சின் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? உப்பைத் தொடவில்லை. இரண்டாவது துண்டையும் தின்றார். புருவம் சுருங்கியது.

"உப்பு பத்தல."

முனிரத்தினம் சிரித்தார். அதற்குத்தான் கிண்ணம் இருக்கிறதே, எல்லாரும் தொட்டுத் தின்பதுதான் இந்தக் கடையின் அழகே என்றார். நாகம்மா சிரிக்கவில்லை.

"ஆறின கறில உப்பு தூக்கலா தெரியும். நா அத்த துன்னுட்டு சரியாகீதுன்னு எட்டு வருசமா அதே அளவு போட்டுக்கினு இருக்கேன். உப்பு கேட்டாங்கன்னு என்னாண்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

மேற்கொண்டு யாரும் கேட்காமலே முனிரத்தினத்தின் வாயிலிருந்து உண்மை வெளியே வந்தது. கடை தொடங்கின புதிதில் நாலு பேர் உப்புக் கேட்டிருக்கிறார்கள், அவர் கிண்ணத்தை வைத்திருக்கிறார். பிறகு யாரோ இது என்ன பழக்கம் என்று கேட்க, வடக்கே அப்படித்தான் என்று சொல்லிவைத்தாராம். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. எட்டு வருடமாக அரை உப்புக் கறியைத் தொட்டுத் தொட்டுத் தின்றுவிட்டு விவரம் பேசினவர்கள் அல்லவா! என் அண்ணன் கம்பத்தின் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

நாகம்மா எழுந்தார். இரண்டு கை உப்பை அண்டாவில் போட்டு அடியோடு புரட்டினார். அரை மணி நேரம் ஊற வேண்டும் என்றார், ஊறும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. புதுக் கம்பிகள் நெருப்பில் ஏறின. முதல் கம்பி நாகம்மாவுக்கு, இரண்டாவது எனக்கு. நாகம்மா மென்று முடித்துத் தலையசைக்கும்வரை முனிரத்தினம் மற்றக் கம்பிகளை நெருப்பிலிருந்து எடுக்கவில்லை. அப்புறம் பெஞ்சுகளில் மெல்லுகிற சத்தம்தான். கிண்ணத்துப் பக்கம் ஒரு கை போகவில்லை. நெல்லூர்க்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் நீட்டி, பாதியில் கையை மடக்கிக்கொண்டார். முனிரத்தினம் கிண்ணத்தை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

நான் ஐந்து கம்பி தின்றேன். வெட்கமே இல்லாமல் சொல்கிறேன், ஐந்து.

கிளம்பும்போது ஆறு மணி. ஜன்னலில் வழக்கமான பொட்டலத்துக்கு இலையை எடுத்த நாகம்மா, அம்மாவுக்கு எத்தனை கட்டட்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், இன்றைக்கு வேண்டாம் அக்கா என்றான். நாகம்மா எடுத்த இலையை மறுபடி அடுக்கில் வைத்தார். திரும்பும் ரயிலிலும் என் விரல்களில் கரி வாசனை அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டிலும் அம்மா கடைசியில்தான் சாப்பிடுவாள். தோசை என்றால் எங்களுக்குச் சுட்டுப் போட்டு முடித்து, அடுப்பு அணைந்த பிறகு. அன்றைக்கும் எங்களுக்காகத் தட்டுகளை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். வெறுங்கையோடு வந்த எங்களைப் பார்த்து, கடை மூடியிருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றோம். "அப்ப எப்படி இருந்துச்சு, சொல்லு" என்று என் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே முந்திக்கொண்டான்.

"அவ சொல்லமாட்டா. வர்ற சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ரயிலு. நீயே வந்து துன்னு பாரு."