கிழவர் மலை ஏறிய கதை

அலுவிகாரைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்குகிறார்கள். மாத்தளையில் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் பார்த்துவிட்டு, இதற்கு அப்பால் இருக்கும் அக்கா வீட்டுக்குத் திரும்புகிறேன். அடையாள அட்டையில் ஹட்டன் முகவரியைக் கண்ட பொலிஸ்காரர் என்னை மட்டும் ஓரமாக நிறுத்துகிறார். உள்ளூர் முஸ்லிம், தமிழிலேயே கேட்கிறார்.

"படம் பாக்கவா ஹட்டன்ல இருந்து வந்தீங்க? அப்ப கதையச் சொல்லுங்க பாப்பம்."

உள்ளதைச் சொல்கிறேன். "ஒரு கிழவரு கழுதையோட மலை ஏறுறாரு, சேர்."

"ஏறி?"

"ஏறிக்கிட்டே இருக்காரு. படம் முடிஞ்சிருது."

அவர் என் பையைத் தரையில் கவிழ்க்கிறார். துவாயும் குடையும் விழுகின்றன. அந்தப் படத்துக்குத் தியேட்டரில் அழுதவன் நான். அதைச் சொன்னால் இன்றிரவு பொலிஸ் நிலையத்தில்தான்.

"உச்சியில கொள்ளைக்காரங்க, சேர். கிழவரு எல்லாரையும் அடிச்சுப் போட்டுட்டு மகளை மீட்டுட்டு வாறாரு."

"இதச் சொல்ல இவ்வளவு வெக்கமா? பாட்டு?"

"அஞ்சு."

அட்டை கைக்கு வருகிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஜன்னலருகே வருகிறார்.

"நாளைக்கும் ஓடுதா? எனக்கு லீவு. பொஞ்சாதி புள்ளைகளோட போகணும்."

ஓடுகிறது என்கிறேன். விழா முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. நான் ஒன்றையும் விடப்போவதில்லை. பஸ் புறப்பட்டதும், இந்தச் சாவடியில் படாமல் மாத்தளைக்குப் போக வேறு பாதை உண்டா என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்கிறேன்.

அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போகிறார்.