புயலன்று ஒனெசிம் வீட்டில்

கிளோடெட் திபோதோவுக்கு வீடு என்று ஒன்று இருந்தது. ஆனால் குளிர்காலத்தில் அவள் அதிகம் குடியிருந்தது காருக்குள்தான். காலைக் காப்பி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில். மதியச் சாப்பாடு ஏதாவது ஒரு நோயாளியின் வாசலில், இஞ்சினை அணைக்காமல், கண்ணாடியில் தன் மூச்சே படிந்து வெள்ளையாவதைப் பார்த்தபடி. மெய்ன் மாநிலத்தின் உச்சியில், செயின்ட் ஜான் ஆற்றின் இந்தக் கரையில், வீடுகளைவிட உருளைக்கிழங்கு வயல்கள்தான் அதிகம். ஒருவரைக் குளிப்பாட்டிவிட்டு அடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரேடியோக்காரன் வானிலையை ஆங்கிலத்தில் ஒரு தடவையும், ஆற்றுக்கு அந்தக் கரையிலுள்ள பக்கத்து நாட்டு ரேடியோக்காரன் பிரெஞ்சில் ஒரு தடவையும் சொல்லி முடித்திருப்பார்கள்.

அவள் நர்ஸ் இல்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை. துடைத்துவிடுவது, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, சூப்பைச் சுடவைப்பது, குனிய முடியாதவர்களுக்குக் காலுறை மாட்டிவிடுவது. புருஷன் மரம் வெட்டத் தெற்கே போனவன், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. நாள் முழுக்க யாருடைய உடம்பையாவது தொட்டுக்கொண்டே இருக்கிறவளுக்கு, சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போனால் காலைச் சுற்ற ஒரு பூனைகூடக் கிடையாது. ஒன்று வளர்க்கலாம் என்று நினைத்ததுண்டு. பகலெல்லாம் அது தனியாகக் கிடக்குமே என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய நோயாளிகளில் கடைசி வீடு ஒனெசிம் சிர் என்பவருடையது. தார்ச்சாலை முடிந்து, மேட்டில் ஏறி இறங்கி, செல்போன் சிக்னல் செத்துப்போகிற பள்ளத்தில் தனியாக ஒரு வீடு. தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு போட்டவர், மரம் வெட்டியவர், மனைவியை அடக்கம் செய்தவர். இப்போது முழங்கால்கள் இரண்டும் போய், நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் மட்டும் ஓர் உலகம். வாய் மட்டும் குறையவில்லை.

"வந்துட்டாளா மகாராணி! வெளியில கொஞ்சமாச்சும் பனி மிச்சம் இருக்கா, இல்ல பூராத்தையும் பூட்ஸ்ல அள்ளிட்டு வந்துட்டியா?"

"நாளைக்கு வேணுமேன்னு கொஞ்சம் வச்சிட்டு வந்திருக்கேன் பெரியவரே. சட்டையக் கழட்டுங்க."

"எனக்கு எம்பது வயசு தாண்டுனப்புறம் ஒருத்தி தினம் வந்து சட்டையக் கழட்டச் சொல்றா. பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரு?"

"பாவம் நீங்கன்னு சொல்வாரு. தண்ணி ஆறுது, வாங்க."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஜனவரிக் கடைசியில் அந்தப் புயல் வரும்வரை.

அன்று காலை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எதிர்வீடு இல்லை. காற்று பனியைப் படுக்கைவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து டார்லீன் போன் செய்தாள். யார் எங்கே போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிறவள் அவள்தான்.

"இன்னைக்கு யாரும் கிளம்ப வேணாம். ரோட்டையே மூடப்போறாங்க. மேட்டுப் பக்கம் கரண்டும் போயிடுச்சாம்."

"மேட்டுப் பக்கமா? ஒனெசிம் வீட்டுலயா?"

"அந்த லைன் பூராவும்தான்."

"அவர் ஹீட்டர் கரண்ட்ல ஓடுறது டார்லீன். விறகடுப்பு இருக்கு, ஆனா விறகு பின்னாடி கொட்டகையில கெடக்கு. அவரால வாசப்படி இறங்க முடியாதே."

"தீயணைப்புக்காரங்ககிட்டச் சொல்லி வைக்கிறேன். காத்து நின்னதும் போய்ப் பாப்பாங்க. நீ வீட்டுலயே இரு, என்ன?"

"சரி" என்றாள் கிளோடெட். ஒனெசிமுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய போனும் கரண்டில் ஓடுவதுதான், எடுக்காமல் இருப்பதற்கு அது ஒன்றே போதும். அது தெரிந்தும் அவளால் உட்கார முடியவில்லை. காப்பியை ஊற்றி, குடிக்காமல் தொட்டியில் கொட்டினாள். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. டார்லீனிடம் சொன்னால் தடுப்பாள். சொல்ல வேறு யாரும் இல்லை.

மேட்டின் அடிவாரம்வரை கார் நன்றாகத்தான் போனது. ஏறும்போது பின்பக்கம் மெதுவாக, யாரோ கையால் தள்ளுவதுபோல, ஒருபக்கமாக வழுக்கியது. பிரேக்கைத் தொடக்கூடாது என்று தெரிந்தும் தொட்டுவிட்டாள். சாலையோரப் பள்ளத்தில் மூக்கு குத்தி நின்றது. அடி ஒன்றுமில்லை. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து நடந்தாள். தூரம் அதிகமில்லை, ஆனால் சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. வேலிக் கம்பங்களைக் கையால் தடவித் தடவிப் போனாள். கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன. ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவில் காற்று அவளைத் திருப்பிவிட்டதில், வந்த வழியே திரும்பிக்கொண்டிருக்கிறோமோ என்று பயந்து நின்றுவிட்டாள். கத்திப் பார்த்தாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இங்கே விழுந்தால் டார்லீனுக்குத் தான் வீட்டில் இருப்பதாக நினைப்பு, அவ்வளவுதான் என்று தோன்றியது. அது பயமாகக்கூட இல்லை. ஒரு செய்தியைப்போல இருந்தது.

வீட்டின் பின்புறம் கண்ணுக்குப் பட்டபோது நேராகக் கொட்டகைக்குப் போனாள். போன கையோடு விறகும் கொண்டுபோகலாம் என்ற எண்ணம். கொட்டகைப் படியில் பனிக்கு அடியில் கண்ணாடிபோல ஐஸ். இடது கையை ஊன்றித்தான் விழுந்தாள். மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று குச்சி ஒடிவதுபோல ஒடிந்தது.

அவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது ஒனெசிம் சமையல்கட்டு மேசையருகே ரோமத் தொப்பியும் கோட்டும் போட்டு, கட்டில் போர்வை முழுவதையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. எதிரில் சீட்டு விரித்திருந்தது.

"எந்தப் பைத்தியக்காரி இந்தக் காத்துல வருவா?" என்றார்.

"நான்தான்."

"அது தெரியுது. கையில என்ன?"

"விழுந்துட்டேன். ஒடிஞ்சுடுச்சின்னு நெனைக்கிறேன்."

ஒனெசிம் சீட்டுக்கட்டைத் தள்ளிவைத்தார். "இங்க வா. கிட்ட வா புள்ள."

மேசையில் கிடந்த விதைக் கம்பெனிப் புத்தகத்தை அவள் கையைச் சுற்றி வளைத்து, தன் கால்சட்டையின் தோள்வாரைக் கழற்றி அதன்மேல் இறுக்கினார்.  கிளோடெட் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். அவளுடைய கையை ஒருவர் இப்படிப் பிடித்துக்கொண்டு பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. வலியோடு அதுவும் சேர்ந்து கண்ணில் நீர் வந்தது.

"அழுதா அழு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார் ஒனெசிம்.

பிறகு விறகு. துணிக்கூடையின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, வலது கையால் இழுத்துக்கொண்டு கொட்டகைக்கும் கதவுக்குமாகப் போய்வந்தாள். அடுப்பைப் பற்றவைக்க அவளுக்கு ஒற்றைக் கையால் முடியவில்லை. தீக்குச்சி ஒவ்வொன்றாக ஒடிந்தது. ஒனெசிம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நடைச்சட்டத்தை உதறிவிட்டு அடுப்புக்கு முன்னால் முழங்காலில் இறங்கினார். இறங்கினார் என்பதைவிடச் சரிந்தார். விறகின் பட்டையைக் கிழித்து வைத்து, ஊதி, முதல் குச்சியிலேயே பற்றவைத்தார்.

"பாத்தியா?" என்றார் பெருமையாக. அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

கிளோடெட் ஒரு கையை அவர் அக்குளில் கொடுத்துத் தூக்கினாள். ஒடிந்த கையின் வலியில் கண் இருட்டியது. இன்னொரு தடவை முயன்றாள். இருவரும் சேர்ந்து விழப்பார்த்தார்கள்.

"விடு" என்றார் ஒனெசிம். "தூக்குற ஆளுக்குக் கையில்ல, எந்திரிக்கிற ஆளுக்குக் காலில்ல. ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா முழுசா ஒரு ஆளு வரும்."

அவள் சிரித்துவிட்டாள். கட்டில் மெத்தையை இழுத்து வந்து அடுப்புக்கு முன்னால் போட்டு, அவரை அதன்மேல் உருட்டி ஏற்றினாள். அவளும் பக்கத்தில் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பகலும் மாலையும் அங்கேயேதான் போயிற்று. ஒற்றைக் கையால் மாவைக் கரைத்து அடுப்பின்மேல் ப்ளோய் வார்த்தாள். திருப்பிப்போடத் தேவையில்லாத மெல்லிய அடை, அதனால் பிழைத்தார்கள். வெண்ணெய் தடவிச் சுருட்டி அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஒதுங்குவதற்கு ஒரு வாளி. வெட்கப்படுகிற நிலையில் இருவரும் இல்லை.

வெளியே காற்று வீட்டைப் பிடித்து ஆட்டியது. ஒனெசிம் கேட்டார்:

"உன்ன எப்பத் தேட ஆரம்பிப்பாங்க?"

கிளோடெட் அடுப்புக் கதவைச் சாத்தினாள். "தேட மாட்டாங்க. நான் வீட்டுல இருக்கேன்னு நெனைச்சிருப்பாங்க."

"வீட்டுல யாரும்...?"

"யாரும் இல்ல. உங்கள?"

"பிரிஸீல் ஞாயித்துக்கெழம பேசுவா. சர்ச்சுல பூசை முடிஞ்சதும்." பிரிஸீல் அவருடைய மகள், தெற்கே கனெக்டிகட் மாநிலத்தில் இருந்தாள். "இன்னைக்கு என்ன கெழம?"

"செவ்வா. தீயணைப்புக்காரங்களும் காத்து நின்னாத்தான் வருவாங்க."

"அப்ப நல்லாத்தான் மாட்டிருக்கோம்" என்றார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "நீ தினம் வந்துட்டுப் போவியே, காரு மேட்டுல ஏறி மறையுற வரைக்கும் சத்தத்தக் கேட்டுட்டு இருப்பேன். அதுக்கப்புறம் எதுவும் கேக்காது. ஃபிரிட்ஜ் மட்டும் பேசும். இன்னைக்கு அதுவும் இல்ல."

கிளோடெட் இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். தானும் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதாக அவரிடம் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

மறுநாள் காலை காற்று நின்றது. பனி தள்ளும் லாரிக்காரன் மேட்டடியில் புதைந்திருந்த காரைப் பார்த்து, உள்ளே ஆள் இருக்குமோ என்று பயந்து கைகளால் தோண்டியிருக்கிறான். யாரும் இல்லாததைப் பார்த்து இன்னும் பயந்து நிமிர்ந்தபோது, மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்து வீட்டிலிருந்து புகை எழுவது தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். அலுவலகம் அவளைக் கண்டித்தது, பிறகு பூங்கொத்தும் அனுப்பியது. பிரிஸீல் அந்த வாரமே வந்துவிட்டாள். கிளோடெட்டின் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீங்க மட்டும் போகலன்னா எங்கப்பா இன்னைக்கு இல்ல."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்படித்தான். அதனாலதான் முடிவு பண்ணிட்டேன். இனிமே அவர் அங்க தனியா இருக்கக்கூடாது. டவுன்ல முதியோர் இல்லத்துல எடம் கெடச்சிருக்கு."

 அவர் எங்கேயும் போக விரும்பமாட்டார் என்று கிளோடெட் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவளும் அவள்தான்.

கட்டுப்போட்ட கையோடு அவள் வீட்டிலிருந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வாரம் டார்லீன் கோழிச் சாறு கொண்டுவந்தாள். அப்புறம் அவளுக்கும் ஆள் பற்றாக்குறை, வேலை. தலைமுடியை ஒற்றைக் கையால் முடிய முடியாமல் கிளோடெட் சமையலறைக் கத்தரியால் வெட்டிக்கொண்டாள். தெருவில் கார் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போனாள். ஒவ்வொன்றும் தாண்டிப் போனது. தான் வாசலில் பூட்ஸை உதறும்போதே தன் நோயாளிகள் ஏன் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கட்டைப் பிரித்த மறுநாள் ஒனெசிமைப் பார்க்கப் போனாள். இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டில்காரரின் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒனெசிமுக்கு யாரோ அவசரமாகச் சவரம் செய்திருந்தார்கள். மோவாய்க்குக் கீழே நரைமுடி விட்டுப்போயிருந்தது.

"ஏன் வந்த?" என்றார்.

"சும்மா பாக்கத்தான்."

"இங்க குளிப்பாட்ட ஆளிருக்கு. கறாரான ஆளுங்க."

"குளிப்பாட்ட வரல பெரியவரே."

அவர் டிவியைப் பார்த்தார். "நீ அன்னைக்கு வராம இருந்திருக்கலாம்."

"வெறைச்சுப் போயிருப்பீங்க."

"என் வீட்டுல வெறைச்சிருப்பேன்."

 அவளுக்குக் கோபம் வந்தது, உடனே போயும் போய்விட்டது. வேலை எதுவும் இல்லாமல் ஒரு நோயாளியின் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்சநேரத்தில் பழைய ரேஸரை எங்கிருந்தோ தேடி எடுத்து, மோவாய்க்குக் கீழே விட்டுப்போன முடியைச் சரிசெய்தாள். அவர் கழுத்தைத் தூக்கிக் காட்டினார். போகும்போது, "ஒரு தடவ என் வீட்டக் காட்டிக் கூட்டிட்டு வர்றியா?" என்று கேட்டார்.

பிரிஸீலிடம் போனில் அனுமதி வாங்கப் பல தடவை பேச வேண்டியிருந்தது. "அங்க எறக்கி விட்டுடாதீங்க. எறங்குனா திரும்ப ஏற மாட்டார்" என்றாள் அவள்.

பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு மதியம் இருவரும் போனார்கள். வழியெல்லாம் யாருடைய வயல் யாருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேட்டில் ஏறி இறங்கியதும் பேச்சு நின்றது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். குழாய் உறைந்துவிடக் கூடாதென்று தண்ணீரை வடித்துவிட்டிருந்தார்கள். கொட்டகைக் கதவு ஒருபக்கம் தொங்கியது.

கிளோடெட் இஞ்சினை அணைத்தாள். "எறங்குறீங்களா?" என்று கேட்டாள். பிரிஸீல் சொன்னது ஞாபகம் இருந்தும் கேட்டாள்.

ஒனெசிம் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடையில் பனித்தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது.

"வேணாம். போலாம்" என்றார்.

மேட்டைத் தாண்டுவதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஹீட்டர் சூட்டில் வாய் லேசாகத் திறந்திருக்க, தலை அவள் தோள்பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. டவுனுக்குள் வந்து இல்லத்துக்குத் திரும்பும் முனையில் கிளோடெட் வேகத்தைக் குறைத்தாள். உள்ளே கொண்டுவிட்டால் அவர் அந்த டிவிக்குப் போவார், அவள் தன் வீட்டுக்குப் போவாள். அவள் திரும்பவில்லை. ஆற்றோரச் சாலையில் நேராக ஓட்டினாள், மேடு பள்ளத்தில் அவர் விழித்துவிடாதபடி மெதுவாக.