ஆற்றோரத்துக் காலிக் கடை

காலிக் கடைக்குள் நுழைகிற யாரும் கொஞ்ச நேரத்தில் கனவு காண ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கனவுக்கு ஒரு வருஷ வாடகையை முன்பணமாகப் பேசி முடிப்பதுதான் பர்மாவின் யாங்கோன் நகரத்துத் தரகர்களான நம்முடைய பிழைப்பு.

எனக்குப் படிப்பு ஏறவில்லை, விட்டுவிட்டேன். தாகேதா பேட்டையில் தரகர் கோ ஜோவிடம் சேர்ந்தேன். அவர் க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் ஒரு பழைய கடையின் சாவியைக் கொடுத்து, "மழை விடுறதுக்குள்ள ஆள் பிடி. இல்லேன்னா உங்கம்மா சொல்ற தையல் ஃபேக்டரிக்கே போயிடு" என்றார். ஃபேக்டரியில் நாள் முழுக்கக் குனிந்தே உட்கார வேண்டும். எனக்கு அண்ணாந்து பார்க்கத்தான் பிடிக்கும்.

தடுப்புப் பலகை

முதலில் வந்தவர் ஊ தெய்ன், ஓய்வு பெற்ற குமாஸ்தா. சேமிப்பை வங்கியில் போட மனசில்லை. கடையை மொத்தமாக எடுத்து, தடுப்புப் போட்டு, நாலு பேருக்கு உள்வாடகைக்கு விடுவதாகத் திட்டம். நல்ல திட்டம்தான்.

ஆனால் அந்தக் கடையில் ஒரு வம்பு. மத்தியானம் ஆற்றுத் தண்ணீரில் பட்ட வெயில் உயரமான கூரையில் வந்து நெளியும். பார்த்தால் நாமே தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தோன்றும். ஊ தெய்ன் அண்ணாந்தபடியே வெகுநேரம் நின்றார். பிறகு பர்மியர்கள் மகளைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டு, வாசலுக்கு நடந்தபடியே சொன்னார்: "தமீ, இதுக்குள்ள தடுப்பு வெச்சா எனக்குத் தூக்கம் வராது."

ஃபலூதா

அடுத்து ஒரு புருஷன் பெண்சாதி. ஐஸ்கிரீம் கடை போட வந்தார்கள். அந்த அக்கா காற்றிலேயே மேஜை போட்டு, காற்றிலேயே ஃபலூதாவும் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். புருஷன்காரர் மட்டும் முழித்துக்கொண்டு, கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார். "அதுக்குத் தோணுறப்ப" என்றேன். மழைத் தண்ணீர் உள்ளே வருமா என்றார். "வரும். ஆனா தங்காது" என்றேன்.

போய்விட்டார்கள். பொய் சொல்ல எனக்குச் சோம்பல், அவ்வளவுதான். கோ ஜோ கேட்டார்: "தங்கச்சி, நீ தரகு பாக்குறது எனக்கா, மழைக்கா?"

சிவப்புத் துணி

மழை விடப்போகிற சமயத்தில் தின்கன்ஜூனிலிருந்து செல்வம் மாமா வந்தார், மசாலா வியாபாரி. கடை பிடித்துப்போனது. முன்பணம் தரும் அன்று நான் வழக்கம் போலக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படாரென்று சத்தம். திரும்பினால், மூலையில் சிவப்புத் துணி கட்டித் தொங்கிய தேங்காயை எடுத்து மாமா வாசலில் உடைத்திருக்கிறார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அபசகுனம் என்று பின்வாங்கினார்.

"முன்னாடி இங்க கடை வெச்சிருந்தது நம்ம தமிழாளுன்னியே. அவர் கட்டின திருஷ்டித் தேங்காய்னு நெனச்சேன். பழசை உடைச்சுட்டுத்தானே புதுசு கட்டணும்?"

"இது திருஷ்டி இல்ல மாமா. பர்மாக்காரங்க வீட்டுக் காவல் சாமி, 'நாத்'துன்னு சொல்வாங்களே, அவருக்கு வீட்டுக்காரம்மா வெச்சது."

மாமா முன்பணப் பையை இறுக்கிக் கட்டினார். எனக்கு ஃபேக்டரி தையல் மெஷின் சத்தம் காதுக்குள் கேட்டது. அதற்குள் பக்கத்து மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா டோ மியா இறங்கி வந்து, யார் உடைத்தது என்றார். காற்றில் விழுந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"இவர்தான். நான் கவனிச்சுத் தடுக்கல, கூரையைப் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

டோ மியா இரண்டு மூடிகளையும் எடுத்துத் தடவிப் பார்த்தார். உள்ளே காய்ந்து சுருண்டிருந்தது. தண்ணீர் வற்றுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டுமாம், அதுதான் முறையாம். மாமா பயந்துபோய், "அந்த நாத் கோபப்படுவாரா?" என்று கேட்டார்.

"வறண்ட தேங்காயோட அவரை உக்கார வெச்சது நான். கோபம்னா என் மேலதான். போய் ரெண்டு வாங்கிட்டு வாங்க, அவருக்கு ஒண்ணு, உங்க சாமிக்கு ஒண்ணு."

மாமா பையை அவிழ்த்தார். இப்போதெல்லாம் கோ ஜோ என்னைத் தரகர் என்றே எல்லோரிடமும் சொல்கிறார், அம்மாவும் ஃபேக்டரிப் பேச்சை விட்டுவிட்டாள், அந்தக் கடையில் கூரை வரை மிளகாய் மூட்டை, வெயில் வந்து நெளிய இடமில்லை.

மனசுக்குப் பிடித்த இடத்தைவிட்டு நம்மை நாமே காலி செய்துகொண்டு, அதற்குக் கமிஷனும் வாங்கிக்கொள்கிறோம் பாருங்கள், அதுதான் நம்ம தொழில்.