கம்பளி வீரனின் முகம்

கம்பளி வீரனை உருவாக்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் அதை ஒப்புக்கொள்ள ஒரு ஆள் கிடையாது.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வாசிகசாலைப் பையன்கள் நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதத்துக்கு ஒரே ஒரு பிரதி. தடித்த கொப்பியில் எழுதி, படம் போட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக அனுப்புவோம். கடைசிப் பக்கங்களை வாசகர்கள் கருத்து எழுத வெறுமையாக விட்டிருப்போம். பெரும்பாலும் அதில் தேநீர்க் கறைதான் திரும்பி வரும்.

படம் போடுகிறவன் என் நண்பன், லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராக்காரன். அவனுடைய அப்பாவுக்குத் துரை பங்களாவில் பூச்செடி பார்க்கிற வேலை. துரையின் பிள்ளைகள் தூக்கியெறிந்த ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்களை அவர் கொண்டுவருவார். இறுக்கமான சட்டையும் முகமூடியுமாக வானத்தில் பறக்கிறவர்களைப் பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது நான்தான் சொன்னேன்.

"நம்மாளு கம்பளியப் போத்திக்கிட்டுப் பறக்கட்டும்டா."

தோட்டத்தில் மழைக்கும் குளிருக்கும் எல்லாரும் போர்த்திக்கொள்வது கம்பளிதான். அப்படிப் பிறந்தவன்தான் கம்பளி வீரன். மூன்றாவது இதழில் அவன், ஆட்களை வேலை வாங்குகிற ஒரு கணக்கப்பிள்ளையைக் கோட்டுக் காலரில் பிடித்துத் தூக்கிப்போய் ஓடையில் போட்டான். லயமே குலுங்கிச் சிரித்தது. எங்கள் கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் வாசிகசாலைக்கு அறை கொடுத்திருந்தவர் அவர்தான்.

அடுத்த வாரம் வாசிகசாலைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்ச நாளைக்கு நீங்க கவித எழுதுங்க. கதைய அய்யா மகன் எழுதட்டும்."

அய்யா மகன் என்றால் கணக்கப்பிள்ளையின் மகன். ஹட்டனில் படித்துவிட்டு வந்து சும்மா இருந்தவன். அவன் கைக்குப் போனதும் வீரன் துரைக்கு சலாம் போட்டான். முதல் கதையிலேயே துரையின் காணாமல் போன நாயைத் தேடிக் கண்டுபிடித்தான். பறக்கத் தெரிந்தவனுக்கு நாய் பிடிக்கிற உத்தியோகம்! எனக்கு வயிறு எரிந்தது.

அதைவிட எரிந்தது, என் நண்பன் அதற்கும் படம் போட்டதுதான். நேராகவே கேட்டேன்.

"கத யாரு எழுதுனா என்னடா? நம்மாளு உசிரோட இருக்கணும்ல," என்றான்.

அந்த இதழ் எங்கள் லயத்துக்கு வந்தபோது, கருத்துப் பக்கத்தில், 'துரைமாருக்கு வால் ஆட்டுவது நாய் மட்டுமல்ல, படம் வரைகிற கையும்தான்' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் அதுவரை முழுக் கொப்பியையும் எழுதியது நான்தானே. என் கையெழுத்தை அடையாளம் தெரியாதவர் அங்கே யார்? நண்பன் அதைப் படித்தான். அதோடு எங்கள் பேச்சு நின்றது.

அன்றைக்கு மாலை கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மா அந்தக் கொப்பியைப் படம் படமாகப் புரட்டினாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் லயத்துப் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"நாயக் கண்டுபுடிக்கிற எடம் நல்லா எழுதியிருக்கடா," என்றாள்.

பெற்ற தாய் மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் எழுதவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

எட்டு மாதம் அப்படியே ஓடியது. பிறகு நண்பனின் குடும்பம் உடப்புசல்லாவைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போனது. போகிற அன்று அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். நான் உள்ளே அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் இல்லாமல் எழுத முடியாது என்று அய்யா மகனும் ஒதுங்கிக்கொண்டான். தலைவர் என்னைத் தேடி வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவருக்குப் படம் போட வரும் என்றார்கள். அவரை வைத்துக்கொண்டு என் வீரனை மீட்டேன். இந்தத் தடவை துரைக்கே பாடம் கற்பிக்கிற கதை. நான் எழுதியதிலேயே அதுதான் உயர்ந்தது என்று இன்றும் சொல்வேன்.

அம்மா கொப்பியைப் புரட்டினாள். திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள்.

"யாருடா இது?"

"கம்பளி வீரன்மா."

"இவனா? அவன் எங்கடா போனான்?"

"அவன்தாம்மா இது. இப்ப நான் எழுதுறேன்."

"நீதானே எப்பவும் எழுதுற," என்றாள் அம்மா. கொப்பியை மூடி, பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் கொடுத்தாள். அவளும் ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள்.

எட்டு மாதம் நான் இல்லாதது அவர்களுக்குத் தெரியவேயில்லை. நண்பன் போன ஒரே மாதத்தில் வீரன் செத்துவிட்டான்.

உடப்புசல்லாவைக்குக் கடிதம் போட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுத என் திமிர் விடவில்லை. வீரனின் முகத்தை மட்டும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு, பார்த்துப் போட்டுக்கொள்கிறோம் என்று எழுதினேன்.

பதில் வரவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.