குதிரைக்குக் கீழே ஒரு கோடு

கெசியா கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் காசு மாலை போட்டிருக்கும் பெண்கள் தாங்களாகவே மாலையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். "எப்படியும் அவ வந்து திருப்பத்தான் போறா" என்று ஒரே சிரிப்பாக இருக்கும். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்துவிடுவாள்.

காசின் ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜா தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒருவன் இறக்கை முளைத்த நாகத்தைக் குத்துகிறான். கீழே வருடம். அந்த வருடத்துக்கு மேலே, குதிரை நிற்கிற தரையில், கடுகைவிடச் சிறிதாக ஓர் இங்கிலீஷ் எழுத்து இருந்தாலும் இருக்கும். அவள் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட ஒற்றைப் பவுன் காசில் 'எஸ்' என்று இருந்தது. அது சிட்னியில் அடித்த காசு என்று தெரிந்துகொண்ட நாளில் பிடித்த கிறுக்கு. எழுத்து இல்லாதது லண்டன், 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த். காசு வாங்குகிற வசதி அவளுக்கு இல்லை. அரசு அலுவலகத்தில் கோப்பறைக் குமாஸ்தா. சம்பளம் இரண்டு பிள்ளைகளின் படிப்புக்குச் சரியாகப் போயிற்று. அதனால் ஊரார் கழுத்தில் கிடப்பதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுத்துக்கு ஒரு பக்கம். இருபத்தெட்டு வருடமாக ஒரு பக்கம் மட்டும் காலியாகக் கிடந்தது. 1918-இல் மட்டும் நம் பம்பாயில் அடித்த காசு. எழுத்து 'ஐ'. பார்வைக்கு ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான்.

அவள் ஓய்வு பெற்ற மறு வருடம், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அன்னத்தாய் போன் செய்தாள். அதே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, தச்சநல்லூரில் வீடு.

"ஏட்டி கெசியா, வேணிக்கு எங்க மாமியாரோட காசு மாலையை அழிச்சுப் புதுசு செய்யுதோம். ஆசாரி வந்து உக்காந்திருக்காரு. உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலேன்னா நீ செத்தாலும் மன்னிக்க மாட்டியே!"

"அக்கா, கொடுத்திராதீய! இந்தா வாரேன்!"

"பன்னெண்டுக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள குடுத்தாவணும்."

அடுப்பில் குழம்பு கொதித்தது. அணைத்தாளா என்றே அவளுக்கு நினைவில்லை. ஆட்டோ கொக்கிரகுளம் பாலத்தில் நின்றது. முன்னால் ஒரு டவுன் பஸ், அதற்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி. "இறங்கி ஓடிரட்டுமா?" என்று ஓட்டுநரிடம் கேட்டாள். "வீட்டுல யாருக்கும் முடியலையா?" என்றார் அவர், பதறி. "காசை உருக்கப் போறாங்க!" என்றாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார்.

பதினொன்றே முக்காலுக்கு மூச்சு வாங்க உள்ளே போனாள். அன்னத்தாயின் மகள், கல்யாணப் பெண் வேணி சிரித்தாள். "அத்தை, வந்தது எனக்கு வாழ்த்துச் சொல்லவா, குதிரையைப் பாக்கவா?"

"குதிரையை முதல்ல பாக்கேன். நீ எங்க போயிருவே?"

மாலை தட்டில் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினாள். லண்டன், லண்டன், சிட்னி. ஒரு பெர்த். ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். லண்டன். மெல்போர்ன். கடைசிக் காசும் லண்டன். பத்தொன்பது காசு, ஒன்றில்கூடக் கோடு இல்லை.

"முடிஞ்சுதா?" என்று ஆசாரி தராசை இழுத்தார்.

கெசியா லென்ஸை மடக்கினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. "அக்கா, இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் ஒன்பது. ஒரு வளையம் சும்மா தொங்குது. அந்தக் காசு எங்க?"

அன்னத்தாயின் கை தன்னால் கழுத்துக்குப் போனது. "எங்க கல்யாணத்தன்னைக்கு, தாலியில கோக்கக் காசு வாங்க மறந்துட்டாரு இந்த மனுசன். முகூர்த்தம் தவறுதுன்னு எங்க மாமியார் தன் மாலையிலயே ஒண்ணைப் பிச்சுக் கோத்துட்டா."

"மறக்கல, கடை பூட்டியிருந்தது" என்றார் நெல்லையப்பன், பேப்பரை இறக்காமல். அந்தப் பதிலை முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லிவருகிறார்.

"கழட்ட மாட்டேன்" என்றாள் அன்னத்தாய்.

"கழட்ட வேண்டாம். பைய இங்கன வெளிச்சத்துக்கு வாங்க."

ஜன்னலோரம் அன்னத்தாயை நிறுத்தி, அவள் நெஞ்சோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தாள். 1918! ஆனால் அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்குவெள்ளி பூசிய மஞ்சள் அப்பிக் காய்ந்து, குதிரையின் கால் வரைக்கும் மூடியிருந்தது. வேணி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். ஒரு சொட்டு விட்டு, திரியை முறுக்கித் துடைத்தாள் கெசியா.

"கூசுதுட்டி!"

"அசையாதீய அக்கா, கும்பிட்டுக் கேக்கேன்!"

மஞ்சள் கரைந்தது. அதனடியிலிருந்து நேராக, சுத்தமாக, ஒரு கோடு.

"இருக்கு!" கெசியா போட்ட சத்தத்தில் ஆசாரியின் எடைக்கல் உருண்டது. "வேணி, வந்து பாரு! இருக்கு!" வேணி பார்த்தாள். ஆசாரி பார்த்தார். நெல்லையப்பன்கூடப் பேப்பரை வைத்துவிட்டு வந்து, மனைவியின் தாலியைக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக உற்றுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு எடைக்கு மேல விலை வைப்பாங்க. சேர்க்கிற ஆட்கள் இருக்காங்க. தெரிஞ்சுக்கிடுங்க" என்றாள் கெசியா. அதைச் சொன்ன பிறகும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"உனக்கு வேணுமா?" என்று அன்னத்தாய் மெல்லக் கேட்டாள்.

கெசியா பதில் சொல்வதற்குள் நெல்லையப்பன் சொன்னார்: "நான் இருக்க மட்டும் அது அங்கனதான் இருக்கும். காசு பத்திரமா இருக்கணும்னா நீ எனக்காகல்லா ஜெபம் பண்ணணும்!"

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பத்தொன்பது காசும் ஆசாரியோடு போயின. கெசியா அதைக் கவனிக்கவே இல்லை. நோட்டின் காலிப் பக்கத்தில் வருடம் எழுதி, 'இருக்குமிடம்' என்ற கட்டத்தில் 'அன்னத்தாய் கழுத்து' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் குழம்பு அடிப்பிடித்திருந்தது. அன்று குடும்ப ஜெபத்தில் மகனின் வேலை, மகளின் பிரசவம் எல்லாம் சொல்லி முடித்து, "தச்சநல்லூர் நெல்லையப்பன் அண்ணாச்சிக்கு நூறு வயசு குடும், ஆண்டவரே" என்றாள்.

கணவர் கிங்ஸ்லி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "யாரு அது?"

"ஆமென் சொல்லுங்க" என்றாள் கெசியா.